சிந்தின துணி

இராயபுரத்தில் என்னோடு கோலி ஆடிக் கிழவர்களாகிவிட்ட நண்பர்களே, ஒரு காரியம் செய்யுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு, சட்டையைக் கழற்றி, கண்ணாடி முன்னால் நின்று நெஞ்சைப் பாருங்கள். இப்போது அங்கே நரைத்த மயிரும், சிலருக்கு டாக்டர் போட்ட தையலும்தான் இருக்கும். எனக்கு நெஞ்சு எங்கே முடிகிறது, தொப்பை எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. ஆனால் ஈஸ்டருக்கு முந்தின ஒரு தபசுகாலத்தில் நம் எல்லோர் நெஞ்சிலும் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கட்டம் போட்டிருந்தது. மறந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். மறப்பதில் நாம் எவ்வளவு கெட்டிக்காரர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. ரயில் பாதைக்கும் கடலுக்கும் நடுவில் ஒரே குழாய், ஒரே சாக்கடை, ஒரே கோயில் என்று கிடந்தது நம் தெரு. முக்கால்வாசி ஆண்களுக்குத் துறைமுகத்தில் வேலை. எங்கள் நைனா அங்கே ஒரு கூலியாள் செட்டுக்கு மேஸ்திரி. கப்பலில் சரக்கு ஏற்றும்போது கிரேன்காரனுக்கு 'தூக்கு, இறக்கு' என்று கை காட்டுவார். வீட்டிலும் அதே கைதான். இறங்கினால் என் முதுகில் இறங்கும்.

நம் தெருவில் திருட்டு என்ற சொல்லே கிடையாது. துறைமுகத்தில் மூட்டை கிழிந்து சர்க்கரை சிந்தும். தரையில் சிந்தினதைக் கூட்டி அள்ளி வந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அப்படித்தான் 'சிந்தினது' என்ற சொல் தெருவுக்குள் வந்தது. வந்த சொல் சும்மா இருக்கவில்லை, வளர்ந்தது. பால்பவுடர் டின்னோடு சிந்தியது. பீங்கான் தட்டுகள் டஜன் டஜனாக, ஒரு கீறல்கூட இல்லாமல் சிந்தின. தையல்கார மாமாவின் மணிக்கட்டில் ஒரு கைக்கடிகாரம் சிந்தி, சரியான நேரம் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த வருஷம் ஈஸ்டருக்கு எங்கள் வயதுப் பிள்ளைகளுக்குப் புதுநன்மை. முதல்முறையாக நற்கருணை வாங்கப் போகிறோம். அதற்கு முந்தின நாள் சாமியாரிடம் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும். பாவசங்கீர்த்தனம் செய்யக் கையில் பாவம் இருக்க வேண்டும். அதற்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை மறைக்கல்வி வகுப்பில் உபதேசியார் சொன்னார்: "அல்லாருமே பாவிங்கதான்டா. கண்ண மூடி யோசிங்க, தானா வரும்."

கண்ணை மூடினால் தூக்கம்தான் வந்தது. ஆகவே இருந்த பாவங்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். பொய் சொன்னது ஒருவனுக்கு, ஜெபத்தில் பராக்குப் பார்த்தது ஒருவனுக்கு, தங்கையை அடித்தது ஒருவனுக்கு. பத்தாவிட்டால் கடன் வாங்கலாம் என்று ஏற்பாடு.

"நீ திருடிக்கீறியாடா?" என்று உபதேசியார் என்னைக் கேட்டார்.

"இல்ல சார்."

"வூட்ல துறைமுகத்துச் சாமான் இன்னா கீது?"

"அது சிந்துனது சார்."

"ஆங், சிந்துனது வேற" என்று தலையாட்டிவிட்டு அடுத்த கட்டளைக்குப் போனார். அவர் மேசைமேல் அவருக்காகக் காத்திருந்த பால், சிந்தின பவுடரில் கலக்கினது.

அன்றைக்குத்தான் ஜென்மப் பாவத்தைப் பற்றியும் சொன்னார். ஆதாம் செய்த பாவம் ஒவ்வொருவர் ஆத்துமாவிலும் கறையாக ஒட்டியிருக்கிறதாம். உடனே ஒரு பெண் எழுந்தாள்.

"அந்தக் கறை இன்னா கலர் சார்?"

"கண்ணுக்குத் தெரியாதும்மா."

"அல்லாருக்கும் கீதா சார்?"

"அல்லாருக்கும்."

"எனக்கும்?"

"உனக்கும்தான், உக்காரு."

பரிசு வாங்கினவள் போலச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கொக்கி மாமாவின் பெண். நைனா செட்டில் சரக்குக்குக் கொக்கி மாட்டுகிறவர் அந்த மாமா. அவரும் அத்தையும் இந்தப் பெண்ணுமாக எண்ணூர்ப் பக்கத்திலிருந்து முந்தின வருஷம்தான் குடி வந்திருந்தார்கள். நம் தெருவில் புதுசு என்ற பேர் போக ஒரு தலைமுறை ஆகும். எங்கள் ஆட்டத்தில் அவளைச் சேர்க்க மாட்டோம். 'எல்லோருக்கும்' என்பதில் தானும் உண்டு என்று ஒருவர் சொன்னது அவளுக்கு அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

தபசுகாலம் தொடங்கின வாரத்தில், கொக்கி இறங்கி மாமாவின் வலது கையில் இரண்டு விரல் நசுங்கிப் போயிற்று. இறக்கச் சொல்லிக் கை காட்டியது யார் என்று கேட்காதீர்கள். கை காட்டுவது மேஸ்திரி வேலை என்று ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

அவர் கையில் கட்டோடு வீட்டில் கிடந்தபோதுதான் அந்தத் துணிப் பொதி சிந்தியது.

நம் ஊர்த் தறியில் நெய்து கப்பலேறுகிற துணி அது. உள்ளங்கை அகலத்துக்குக் கட்டங்கள். வண்ணாரப்பேட்டையில் எந்தக் கடைக்குப் போனாலும் அது கிடைக்காது, கிடைத்தாலும் நம் ஜனம் உடுத்தாது. வேர்வை பட்டாலே சாயம் விடும். சாயம் விடுவதற்காகவே வெள்ளைக்காரன் அதை விலை கொடுத்து வாங்குகிறான் என்று நைனா சொன்னார். காசு கொடுத்துக் கறை வாங்குகிறவனும் உலகத்தில் உண்டா என்று அம்மா வாயைப் பிளந்தாள். எங்களுக்குச் சும்மாவே கிடைத்தது.

காலையில் ஒட்டின வயிற்றோடு வேலைக்குப் போன செட்டு, மாலையில் பிள்ளைத்தாய்ச்சிகளாகத் திரும்பி வந்தது. ஒவ்வொருவர் வயிற்றிலும் சுற்றுச் சுற்றாகத் துணி. நைனாவின் வயிற்றிலிருந்து அம்மா அவிழ்க்க அவிழ்க்க வந்துகொண்டே இருந்தது. முழுக்க அவிழ்த்த பிறகும் வயிற்றில் கட்டம் மட்டும் நின்றது. தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தாள். நைனா அலறினார், கட்டம் போகவில்லை.

தையல்கார மாமா ஒரே வாரத்தில் தெருவுக்கே கட்டம் போட்டுவிட்டார். பையன்களுக்குச் சட்டை, பெண்களுக்குக் கவுன், உபதேசியார் ஜன்னலுக்குத் திரை. சாமியார் பங்களாவுக்கும் ஒரு மேசை விரிப்பு போயிற்று. அவர் தெற்கத்திக்காரர், புதிதாக வந்தவர். "ஏது இந்தத் துணி?" என்று கேட்டதற்கு "சிந்துனது சாமி" என்றார்கள். அவர் காதில் அது 'சிந்தி' என்று விழுந்து, சிந்திக்காரர் கடைத் துணி என்று நினைத்துக்கொண்டு, "சிந்திக்காரங்க நல்ல மனுஷங்க" என்று ஆசீர்வதித்தார்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முன்தினம் கொக்கி மாமா எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெண்.

"மேஸ்திரி, பொண்ணுக்கு ஒரு கவுன் அளவுக்குக் குட்த்தா போதும்."

நைனா சோற்றிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இன்னாத்துக்கு?"

"நாளிக்குப் பவனியில அல்லாப் புள்ளைங்களும் அதத்தான் போட்டுகினு வருதாம். இது மட்டும் பழசுல வந்தா நல்லாவா இருக்கும்? ஏற்கெனவே இத்த ஆட்டத்துல சேக்க மாட்டேங்குதுங்க."

"நின்னவனுக்குத்தான்பா பங்கு. சிந்தும்போது நீ நிக்கலியே."

"கை இப்டி ஆவலன்னா நின்னுருப்பேன்ல?"

"அது ஆண்டவரு சித்தம். அதுக்கு நான் இன்னா பண்றது? அம்மே, மோர் ஊத்து."

மாமா கட்டுப் போட்ட கையை ஏனோ பின்னால் மறைத்துக்கொண்டார். அவள் என் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சும்மா இருப்பேனா? நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துக் காட்டினேன்.

இதைப் படித்துவிட்டு அந்த மாமாவின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வரைந்துவிடாதீர்கள். கொடுத்திருந்தால் வாங்கியிருப்பார். நாங்கள் கொடுக்காததால்தான் அவர் சுத்தமாக இருந்தார்.

மறுநாள் பவனி. நீங்களும் இருந்தீர்கள். முன்னால் பேண்டு, நடுவில் சாமியார், சுற்றிலும் கட்டம் கட்டமாக நாம். குருத்தோலையைத் தூக்கி ஓசன்னா பாடிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷன் வாசலைக் கடந்தோம். அங்கே நின்ற சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். போலீஸுக்கும் பக்தி உண்டு என்று உபதேசியார் பூரித்துப் போனார். வெயில் கொளுத்தியது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றினால் ஒவ்வொருவன் நெஞ்சிலும் படம். யாருடைய கட்டம் தெளிவாக விழுந்திருக்கிறது என்று தெருவில் பந்தயம். கொக்கி மாமாவின் பெண் வந்து தன் வெள்ளைக் கவுனின் கழுத்தை இழுத்து உள்ளே பார்த்தாள். ஒன்றுமில்லை. போய்விட்டாள்.

திங்கட்கிழமை வேன் வந்தது.

வருகிறது என்று தெருமுனையில் குரல் கேட்டதுமே அம்மாக்கள் துணியையெல்லாம் தண்ணீர் பீப்பாயில் அமுக்கினார்கள். சாயம் விடும் துணி என்பது பதற்றத்தில் மறந்து போயிற்று. பீப்பாயைக் கவிழ்த்ததும் தெருச் சாக்கடை, எகிப்துக்கு வந்த வாதை மாதிரி சிவப்பாக ஓடியது. சப்-இன்ஸ்பெக்டர் அதைத் தாண்டி வந்து நின்றார்.

"இன்னாம்மா, சாக்கடைக்கு ஹோலிப் பண்டிகையா? ஆம்பளைங்கல்லாம் வரிசையா நில்லு. சட்டையக் கழட்டு."

கழற்றினோம். ஒரு தெரு நிறைய நெஞ்சுகள், சிவப்பு, மஞ்சள், நீலம். கான்ஸ்டபிள்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தையல்கார மாமா துணிந்து கேட்டார்: "எவன் சார் எங்களக் காட்டிக் குட்த்தது?"

"எவன்யா குடுக்கணும்? பேண்டு வெச்சுகினு என் மூக்கு முன்னாடியே ஊர்கோலம் வந்தீங்க. தொப்பியக் கழட்டிக் கும்புட்டேனே, பாக்கல? கும்புடறப்பதான் துறைமுகத்துல காணாமப்போன கட்டத்தப் பாத்தேன்."

தெருவே கேட்டது. சிலர் அசட்டுத்தனமாகச் சிரிக்கவும் செய்தார்கள். வரிசைக் கடைசிக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் கொக்கி மாமாவின் முன்னால் நின்றார். துடைத்து வைத்த பலகை மாதிரி இருந்தது அவர் நெஞ்சு.

"அட, நீ மட்டும் இன்னாய்யா வெளுத்த துணி கணக்கா கீற? நீ ஒருத்தன்தான்யா இந்தத் தெருவுல ஆளு" என்று தோளில் தட்டினார்.

அடித்திருந்தால்கூட மாமா பிழைத்திருப்பார். தட்டிக்கொடுத்ததில்தான் போனார்.

நைனாவையும் இன்னும் சிலரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போய், புதன்கிழமை வீங்கின கன்னத்தோடு திருப்பி அனுப்பினார்கள். அதற்குள் குழாயடியில் விசாரணை முடிந்திருந்தது.

"அவன் நெஞ்சு மட்டும் எப்டிம்மா சுத்தமா கீது?"

"அதான?"

"மேஸ்திரியாண்ட துணி கேட்டானாமே, குடுக்கலியாமே. வயித்தெரிச்சல்."

"போலீஸ்காரன் சும்மாவா தட்டிக் குடுப்பான்?"

பேண்டு வைத்துக்கொண்டு போனதைப் பற்றி சப்-இன்ஸ்பெக்டர் சொன்ன சொல் எங்கே போயிற்று? என் இரண்டு காதாலும் கேட்டவன் நான். வியாழக்கிழமைக்குள் எனக்கும் அது மறந்துவிட்டது. போலீஸ் ஸ்டேஷன் வாசலில் நாமே கொட்டடித்துக் காட்டினோம் என்றால் நாம் மடையர்கள். ஒருவன் காட்டிக்கொடுத்தான் என்றாலோ கிட்டத்தட்ட இயேசுநாதர். எது சௌகரியம், சொல்லுங்கள்.

பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்த மாதிரி, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுவார் அல்லவா? பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலி போடுவார்கள். முதல் நாற்காலி பேதுரு, அது எப்போதும் நைனாவுக்கு. கடைசி நாற்காலி யாருக்கும் வேண்டாம். அது காட்டிக்கொடுத்த யூதாஸின் நாற்காலி என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். வருஷா வருஷம் முதியோர் இல்லத்திலிருந்து காது கேட்காத கிழவர் ஒருவரைக் கொண்டுவந்து அதில் உட்கார வைப்பார்கள். அவருக்கு அது வெறும் நாற்காலி.

"இந்த வாட்டி கெழவன் வேணாம். நம்ம ஆளு கீறான்" என்று நைனா உபதேசியாரிடம் சொன்னார்.

உபதேசியார் தயங்கினார். "தப்பில்லையா மேஸ்திரி?"

"இன்னா தப்பு? ஆண்டவரே அவன் காலையும் கழுவுனாரே!"

வேதத்தைக் கொண்டு அடித்தால் உபதேசியார் என்ன செய்வார்? இருவருமாகக் கொக்கி மாமா வீட்டுக்குப் போனார்கள். என்ன நடக்கிறது என்று பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

"பன்னெண்டு பேர்ல நீயும் ஒருத்தன்பா. சாயங்காலம் வந்து உக்காரு" என்றார் நைனா.

தெருவுக்குப் புதியவர்கள். கடைசி நாற்காலியின் கதை அவர்களுக்கு எப்படித் தெரியும்? மூன்று நாளாக ஒருவரும் முகம் கொடுத்துப் பேசாத வீடு அது. அத்தை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, மேஸ்திரி மனசு எறங்கிட்ச்சு" என்றாள். மாமா நைனாவின் கையைத் தன் கட்டுப் போட்ட கையால் பிடித்துக்கொண்டார். நைனா கையை உருவிக்கொண்டார்.

மாலை. பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே பீர்க்கங்கூடு போட்டுக் காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார்கள். கழுவப் போகிற இடத்துக்கு அழுக்கோடு போவது மரியாதை இல்லையே! கொக்கி மாமா இரவல் வேட்டியில், எண்ணெய் வைத்து வாரின தலையோடு, கடைசி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் பெண் முதல் வரிசையில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளை யாரும் தள்ளவில்லை.

சாமியார் உருக்கமாகப் பிரசங்கம் வைத்தார். "நம்ம ஒவ்வொருத்தருக்குள்ளயும் ஒரு யூதாஸ் இருக்கான்" என்றார். கோயிலே நெஞ்சில் அறைந்துகொண்டது. எல்லோரும் பாவிகள் என்று கேட்பதில் ஒரு சுகம் உண்டு. எல்லோரையும் சொன்னால் யார் பேரையும் சொன்னதாகாது. வெள்ளைச் சட்டைக்கு அடியில் கட்டம் தெரிய, நைனாதான் எல்லோரையும்விடப் பலமாக அறைந்துகொண்டார்.

பிறகு சாமியார் கழுவத் தொடங்கினார். பேதுரு கால், அந்திரேயா கால் என்று கழுவிக்கொண்டே வந்தும் தாம்பாளத்துத் தண்ணீர் தெளிவாகவே இருந்தது. கடைசி நாற்காலிக்கு வந்ததும் கூட்டத்தில் ஒரு களுக்.

"இன்னாத்துக்கு சிரிக்கிறாங்க?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

எனக்குத்தான் நாக்கு ஒரு இடத்தில் நிற்காதே. "உங்க நைனா குந்திகினு கீறது யூதாஸ் நாற்காலி. உனக்குத் தெரியாது?"

அவள் எழுந்து நேராகப் போனாள். சாமியார் மாமாவின் வலது காலைக் கையில் ஏந்தித் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் அப்பாவின் காதில் சொன்னாள். மாமா நாற்காலியைக் குனிந்து பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பதினோரு பேரைத் தாண்டி முதல் நாற்காலியைப் பார்த்தார். நைனா கோயில் கூரையில் ஓடு எண்ணிக்கொண்டிருந்தார்.

மாமா எழுந்து போகவில்லை. எப்படிப் போவார்? கால் சாமியார் கையில் அல்லவா இருந்தது! சாமியார் ஒன்றும் அறியாமல் குனிந்து அந்தப் பாதத்தை முத்தமிட்டார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

வெளியே வந்ததும் பையன்கள் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் போனார்கள். என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பது உங்களுக்கே தெரியும், அந்தப் பையன்கள் நீங்கள்தான். குரல் நன்றாக இருந்ததால் எடுத்துக்கொடுத்தது நான். மறுநாள் செட்டில் ஆள் நிரம்பிவிட்டது என்று நைனா சொல்லி அனுப்பினார். அவர்கள் வீட்டுக் கதவில் யாரோ சாணியடித்தார்கள். அன்று பெரிய வெள்ளி. நாங்கள் எல்லோரும் உபவாசம்.

சனிக்கிழமை காலை ஒரு கைவண்டி வந்தது. பாய், பெட்டி, இரண்டு குண்டான், மேலே அவள். மாமா கட்டுப் போடாத கையால் இழுத்தார், அத்தை பின்னாலிருந்து தள்ளினாள். மறுநாள் புதுநன்மை வாங்க வேண்டிய பெண்ணை இன்று கூட்டிக்கொண்டு போகிறார்களே என்று தெருப் பெண்கள் ஆற்றாமைப்பட்டார்கள்.

திடீரென்று அம்மா உள்ளே ஓடினாள். தலையணையைப் பிரித்து, போலீஸ் கண்ணுக்குத் தப்பின மீதித் துணியை உருவிக்கொண்டு போய், வண்டிமேல் இருந்தவள் மடியில் திணித்தாள். "ஒரு கவுன் தெச்சுப் போட்டுக்கோடி கண்ணு" என்றாள். திரும்பி வந்து மூக்கைச் சிந்திக்கொண்டு நைனாவிடம் சொன்னாள்: "அவங்களுக்கும் பங்கு குட்த்தாச்சு. இனிமே யாரும் நம்மள ஒண்ணும் சொல்ல முடியாது."

நைனா பீடியை எறிந்துவிட்டு, "பாவம்" என்றார். இரக்கத்துக்கும் குற்றத்துக்கும் சேர்த்து ஒரே சொல் கண்டுபிடித்தவன் நம் தெருக்காரனாகத்தான் இருக்க வேண்டும்.

வண்டி கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கம் திரும்பியது. நல்ல வெயில். துணியை இறுக்கிப் பிடித்திருந்தவள் ஏதோ தோன்றிக் கையை விரித்துப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உள்ளங்கையை என்னைப் பார்த்து உயரத் தூக்கிக் காட்டினாள். சிவப்பாக இருந்தது.

"தோ பாரு! எனக்கும் வந்துட்ச்சு!" என்று கத்தினாள்.

நானும் சட்டையைத் தூக்கி நெஞ்சைக் காட்டினேன். வண்டி மறையும்வரை இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தோம்.

அன்று மாலை பாவசங்கீர்த்தனம். வரிசையில் அவள் இடம் காலியாக இருந்தது. பின்னால் இருந்தவன் இடித்ததும் முன்னால் நகர்ந்து அந்த இடத்தை மூடிக்கொண்டோம். என் முறை நெருங்க நெருங்கக் கண்ணை இறுக மூடி யோசித்தேன். உபதேசியார் சொன்ன மாதிரி தானாக வரும் என்று பார்த்தால், ஒரு பாவமும் வரவில்லை. கடைசியில் முன்னால் நின்றவனிடம் ஒன்றைக் கடன் வாங்கிக்கொண்டு உள்ளே போய் முழங்காலிட்டேன்.